அக்காவுக்கு ஒரு ரூல், தம்பிக்கு ஒரு ரூல்: ஃபேமிலி க்ரூஸ் புக் பண்றதுக்கு முன்னாடி இந்த வயசுக் கணக்கைப் பாருங்க!



க்ரூஸ் பத்தி நம்ம சேனல்ல பேசினாலே கமெண்ட்ல முதல்ல வர்ற கேள்வி, "ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "கப்பல் கிளம்புற அன்னைக்கு உங்க பிள்ளைகளுக்கு எத்தனை வயசு?"

ரயில்லயும் விமானத்துலயும் வயசு டிக்கெட் விலையை மட்டும்தான் மாத்தும். கப்பல்ல அப்படி இல்லை. பிள்ளை எந்த கிளப்புக்குப் போகலாம், தனியா வெளியே வரலாமா, எந்தக் கேபின்ல படுக்கலாம், ராத்திரி எத்தனை மணி வரைக்கும் சுத்தலாம்னு எல்லாத்தையும் வயசுதான் முடிவு பண்ணுது. ஒரே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயமா தெரியாது. ரெண்டு மூணு பிள்ளைகள் இருக்கிற வீட்டுலதான் சிக்கல். அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். அங்கேதான் சண்டையும் வரும், செலவும் வரும்.

அதனால இந்தப் பதிவுல டிக்கெட் ஆஃபரைப் பத்தி பேசப் போறது இல்லை. கூடப்பிறந்தவங்க சேர்ந்து போகும்போது வயசு ரூல் எங்கெல்லாம் குறுக்கே வரும், அது எங்கெல்லாம் உங்க பர்ஸைத் தொடும், யாருக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம்னு ஒண்ணொண்ணா பார்க்கலாம் வாங்க.

1. எந்தத் தேதியில என்ன வயசு?

புக் பண்ற தேதி முக்கியம் இல்லை. கப்பல் கிளம்புற தேதியில பிள்ளைக்கு என்ன வயசோ, அதைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் அந்தப் பயணம் முழுக்கக் கணக்குல எடுத்துக்கும். தம்பிக்கு அடுத்த வாரம் 12 முடியப்போகுதுன்னு சொன்னா யாரும் 12 வயசு கிளப்புல சேர்த்துக்க மாட்டாங்க. உங்க தேதி ரெண்டு வாரம் தள்ளலாம்னு இருந்தா, பிறந்தநாள் தாண்டினதும் கிளம்புற மாதிரி புக் பண்றதுல லாபம் இருக்கு. சில சமயம் நேர்மாறாகவும் இருக்கும். சில நிறுவனங்கள்ல சிறுவர் கட்டணச் சலுகை ஒரு குறிப்பிட்ட வயசு வரைக்கும்தான். அதைத் தாண்டினா சலுகை குறையும். அப்போ பிறந்தநாளுக்கு முன்னாடி போறதுதான் சிக்கனம்.

வீட்டுல கைக்குழந்தையும் இருந்தா இன்னொரு கணக்கு இருக்கு. ராயல் கரீபியன் கப்பல்ல ஏற குழந்தைக்குக் குறைஞ்சது 6 மாசம் ஆகியிருக்கணும். அட்லாண்டிக், பசிபிக் கடலைக் கடக்கிற பயணம், ஹவாய் பயணம் மாதிரி தொடர்ந்து மூணு நாளோ அதுக்கு மேலயோ கரையே காணாத ரூட்டுன்னா 12 மாசம். பெரியவனுக்கு ஸ்கூல் லீவுன்னு அவசரப்பட்டு புக் பண்ணிட்டு, கடைக்குட்டிக்கு அஞ்சரை மாசம்தான்னு துறைமுகத்துல நின்னா, மொத்தக் குடும்பத்தோட பயணமும் அங்கேயே முடிஞ்சிடும். குழந்தையை மட்டும் விட்டுட்டுப் போக முடியுமா என்ன?

2. கிட்ஸ் கிளப்: ஒரே கப்பல், தனித்தனி உலகம்

பெரிய கப்பல்கள்ல பிள்ளைகளைப் பார்த்துக்கிற கிளப் இருக்கும். பகல் நேரத்துக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது. டிக்கெட்லயே அடங்கிடும். ஆனா வயசு வாரியா பிரிச்சு வெச்சிருப்பாங்க. உதாரணத்துக்கு ரெண்டு நிறுவனங்கள்:

- கார்னிவல்: 2-5, 6-8, 9-11 வயசுன்னு மூணு குழு. அதுக்கு மேல 12-14 ஒரு கிளப், 15-17 இன்னொரு கிளப்.
- எம்எஸ்சி: 3 வயசுக்குக் கீழே ஒண்ணு, 3-6 ஒண்ணு, 7-11 ஒண்ணு, 12-14 ஒண்ணு, 15-17 ஒண்ணு.

இப்போ உங்க வீட்டுப் பிள்ளைகளை இதுல பொருத்திப் பாருங்க. அக்காவுக்கு 12, தம்பிக்கு 11ன்னு வெச்சுக்குங்க. வீட்டுல ஒரே கட்டில், ஒரே ஆட்டோ, ஒரே டியூஷன். கப்பல்ல ஏறினதும் ரெண்டு பேரும் வேற வேற தளத்துல, வேற வேற கூட்டத்துல. ஒன்பது வயசும் ஏழு வயசும் இருக்கிற அண்ணன் தம்பி எம்எஸ்சியில ஒண்ணா இருப்பாங்க, கார்னிவல்ல பிரிஞ்சிடுவாங்க. ரெண்டு கப்பலும் ஒரே விலைன்னா, உங்க பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிற கப்பல் எதுன்னு பார்த்து எடுக்கலாமே! இதுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் செலவு இல்லை. நிறுவனத்தோட இணையதளத்துல அஞ்சு நிமிஷம் செலவழிச்சா போதும்.

இன்னொரு விஷயம். 3 வயசு ஆகிட்டா மட்டும் போதாது. ராயல் கரீபியன், டிஸ்னி ரெண்டுலயும் கிளப்ல சேர குழந்தை டயாப்பரை விட்டிருக்கணும். டாய்லெட் போகத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நர்சரி உண்டு, ஆனா அது மணிக்கு இவ்வளவுன்னு காசு. ராயல் கரீபியன்ல ராத்திரி 10 மணிக்கு மேல கிளப்புல விட்டாலும் மணிக்கணக்குல கட்டணம் உண்டு. டிஸ்னியில 14-17 வயசுக்காரங்களுக்குன்னே தனி இடம் உண்டு. அங்கே அப்பா அம்மாவுக்கே வேலை இல்லை, அப்புறம் குட்டித் தம்பிக்கு எப்படி இடம் கிடைக்கும்?

3. தனியா வெளியே வர்ற உரிமை

சின்னப் பிள்ளைகளை அப்பா அம்மா வந்து கையெழுத்துப் போட்டுத்தான் கிளப்புல இருந்து கூட்டிட்டுப் போகணும். ராயல் கரீபியன், கார்னிவல் கப்பல்கள்ல 9 வயசு தாண்டின பிள்ளைகளுக்கு, பெற்றோர் அனுமதி எழுதிக் கொடுத்தா, தானே கையெழுத்துப் போட்டு வெளியே வரலாம். டீன் கிளப்னா எப்போ வேணா வரலாம், போகலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா பிடிச்சுக்குங்க. கப்பல் அனுமதிக்குதுன்னா நீங்களும் அனுமதிக்கணும்னு அர்த்தம் இல்லை. அந்தப் படிவத்துல "வேண்டாம்"னு டிக் பண்ற உரிமை உங்களுக்கு இருக்கு. ஒன்பது வயசுப் பையன் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற கப்பல்ல, பதினஞ்சு மாடிக்கு லிஃப்ட்ல ஏறி இறங்கறது எல்லாப் பிள்ளைக்கும் சரிப்பட்டு வராது. நம்ம ஊர்ல பக்கத்துத் தெருக் கடைக்கே தனியா அனுப்பாத பிள்ளையைக் கப்பல்ல திடீர்னு விட்டா அவன் திணறுவான்.

முதல் நாள் கிளப் பதிவு நடக்கும்போது அப்பா அம்மா ரெண்டு பேருமே போங்க. யார் யார் கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு பட்டியல் கேட்பாங்க. அதுல தாத்தா பாட்டி பேரைச் சேர்க்கலாமா, 16 வயசு அக்கா தம்பியைக் கூட்டிட்டு வர விடுவாங்களான்னு அங்கேயே கேட்டுடுங்க. அக்கா வந்து நின்னா அனுப்புவாங்கன்னு நாமளே முடிவு பண்ணிக்கக் கூடாது.

4. கேபின்: சுதந்திரத்தோட நிஜமான விலை இங்கேதான்

பிள்ளைகள் கொஞ்சம் பெரியவங்களா ஆனதும் வீட்டுல வர்ற முதல் கோரிக்கை: "எங்களுக்குத் தனி ரூம் வேணும்பா!" இதுக்கு ரெண்டு தடை இருக்கு. ஒண்ணு ரூல், இன்னொண்ணு காசு.

முதல்ல ரூல். ராயல் கரீபியன்ல, அமெரிக்காவுல இருந்து கிளம்புற கப்பல்னா 21 வயசுக்குக் கீழே உள்ளவங்க பெரியவங்க துணை இல்லாம தனி அறை எடுக்க முடியாது. அப்பா அம்மா பக்கத்து அறையில இருந்தா பரவாயில்லை. அதே நிறுவனத்தோட கப்பல் ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுல இருந்து கிளம்பினா அந்த வயசு 18. அதாவது காலேஜ் படிக்கிற 19 வயசு அண்ணன், மயாமியில குழந்தை. சிங்கப்பூர்ல பெரிய மனுஷன்!

கார்னிவல்ல இன்னும் நுணுக்கமா வெச்சிருக்காங்க. 12 வயசு வரைக்கும்னா பெற்றோர் அறைக்குப் பக்கத்துலயோ எதிர்லயோதான் அறை. 13 முதல் 17 வரைக்கும் மூணு அறை தள்ளி இருக்கலாம். பெற்றோரோட வர்ற 18-20 வயசுக்காரங்களுக்குத் தூரக் கட்டுப்பாடு இல்லை. அக்காவுக்கு 14, தம்பிக்கு 11ன்னா யாரோட ரூல் செல்லும்? சின்னவனோட ரூல்தான். ரெண்டு பேரும் ஒரே அறையில இருந்தா பக்கத்துலயோ எதிர்லயோ எடுத்தாகணும். இதைத் தெரியாம விலை குறைவான அறைன்னு வேற தளத்துல புக் பண்ணிட்டா, மாத்தும்போது விலை ஏறியிருக்கும்.

இப்போ காசு. க்ரூஸ் விலைப்பட்டியல்ல ஒரு அறையில முதல் ரெண்டு பேருக்குத்தான் முழுக் கட்டணம். மூணாவது, நாலாவது ஆளுக்கு விலை குறையும். "கிட்ஸ் ஃப்ரீ" ஆஃபரும் பெரும்பாலும் இந்த மூணாவது, நாலாவது இடத்துக்குத்தான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அப்பா, அம்மா, 15 வயசுப் பொண்ணு, 9 வயசுப் பையன். 4 ராத்திரி பயணம்.

- நாலு பேரும் ஒரே அறை: முதல் ரெண்டு பேருக்குத் தலா 50,000 ரூபாய், அடுத்த ரெண்டு பேருக்குத் தலா 30,000 ரூபாய். மொத்தம் 1,60,000.
- ரெண்டு அறை, அறைக்கு ரெண்டு பேர்: நாலு பேருக்கும் தலா 50,000. மொத்தம் 2,00,000.

வித்தியாசம் 40,000 ரூபாய். பொண்ணு கேட்ட "தனி ரூம்"முக்கு விலை அதுதான். ஒரு ராத்திரிக்கு 10,000. இது வேணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன். வயசுக்கு வந்த பொண்ணு, வளர்ந்த பையன், ஒரே ஒரு குட்டி பாத்ரூம்னு பார்த்தா சில வீடுகளுக்கு அந்த 40,000 நியாயமான செலவுதான். ஆனா அந்தக் கணக்கைப் பிள்ளைகள் முன்னாடி போடுங்க. "தனி ரூம் எடுத்தா கரையில போற ரெண்டு டூர் கட். எது வேணும்?"னு கேளுங்க. பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

ரெண்டு அறை எடுக்கிற பல குடும்பங்கள் ஒரு வழி வெச்சிருக்காங்க. பேப்பர்ல அப்பாவும் பையனும் ஒரு அறை, அம்மாவும் பொண்ணும் இன்னொரு அறைன்னு புக் பண்றது. அப்போ ஒவ்வொரு அறையிலயும் ஒரு பெரியவர் இருக்கிறதால வயசுத் தடை வராது. கனெக்டிங் கேபின், அதாவது நடுவுல கதவு இருக்கிற அறை கிடைச்சா இன்னும் நல்லது. ஆனா "அட்ஜாயினிங்"னு சொன்னா பக்கத்து அறைன்னுதான் அர்த்தம், நடுவுல கதவு இருக்கும்னு இல்லை. ஏஜென்ட்கிட்ட ரெண்டையும் பிரிச்சுக் கேளுங்க. பால்கனி இருக்கிற அறையைப் பிள்ளைகள் தனியா இருக்கிற அறையா வெச்சுக்காதீங்க. ஜன்னல் இல்லாத உள் அறையைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தா விலையும் குறையும், மனசுக்கும் நிம்மதி.

இன்னொரு மறைமுகச் செலவு, கட்டாய டிப்ஸ். இதுக்கு வயசுச் சலுகை எதிர்பார்க்காதீங்க. ராயல் கரீபியன் 2023 நவம்பர்ல சாதாரண அறைக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 18 டாலர்னு ஏத்தினாங்க. குழந்தைக்கும் அதே தொகைதான். அதே ரேட்னு வெச்சா நாலு பேர், நாலு நாளைக்கு 288 டாலர். டாலரை 90 ரூபாய்னு போட்டா 25,920 ரூபாய். "குழந்தைகளுக்கு ஃப்ரீ"ன்னு போட்ட ஆஃபர்ல இதுவும் துறைமுக வரியும் ஃப்ரீ கிடையாது.

5. வயசு மட்டும் இல்லை, உயரமும் உண்டு

சில இடங்கள்ல வயசை விட்டுட்டு அளவுகோலை எடுத்துடுவாங்க. ராயல் கரீபியன் கப்பல்கள்ல இருக்கிற ஃப்ளோரைடர்னு ஒரு அலைச்சறுக்கு விளையாட்டு. படுத்துக்கிட்டுச் சறுக்க 52 அங்குலம், நின்னு சறுக்க 58 அங்குலம் உயரம் வேணும். கிட்டத்தட்ட 132 செ.மீ., 147 செ.மீ. நம்ம வீடுகள்ல அக்காவை விட தம்பி உயரமா இருக்கிறது சகஜம். 13 வயசு அக்கா 144 செ.மீ., 11 வயசு தம்பி 150 செ.மீ.ன்னா, தம்பி நின்னு சறுக்குவான், அக்கா படுத்துக்கிட்டுத்தான். கிளப்ல அக்கா பெரியவ, இங்கே தம்பி பெரியவன்!

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவர்ல பென்சிலால கோடு போட்டு அளந்துடுங்க. ஷூ இல்லாம. வரிசையில அரை மணி நேரம் நின்னுட்டு, எல்லார் முன்னாடியும் "நீ குட்டை"ன்னு திருப்பி அனுப்புறது எந்தப் பிள்ளைக்கும் தாங்காது. அதைவிட வீட்டுலயே தெரிஞ்சுட்டா ஏமாற்றம் பாதியா குறையும்.

6. 18, 19, 20: இரண்டுங்கெட்டான் வயசு

மூத்த பிள்ளை காலேஜ்ல இருக்குன்னா இந்தப் பகுதி உங்களுக்குத்தான். டீன் கிளப் 17 வயசோட முடிஞ்சுடும். 18 ஆனவங்க பெரியவங்க கணக்கு. ஆனா அமெரிக்கக் கப்பல்ல மது வாங்க 21 ஆகணும். கார்னிவல்ல செரினிட்டின்னு பெரியவங்களுக்கான அமைதியான இடம் ஒண்ணு உண்டு, அங்கேயும் 21 தான். ஆக 19 வயசு அண்ணன் தம்பியோட கிளப்புக்கும் போக முடியாது, அப்பாவோட இடத்துக்கும் போக முடியாது. ராயல் கரீபியன்ல சோலாரியம்னு இருக்கிற அமைதியான குளம் பகுதிக்கு 16 வயசு போதும். டிஸ்னியில பெரியவங்க குளத்துக்கு 18. மூத்த பிள்ளைக்கு எங்கே இடம் இருக்குன்னு பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்க இது ஒரு நல்ல காரணம்.

இதுல ஒரு பணப் பொறியும் இருக்கு. மது பேக்கேஜ் ஒருத்தர் வாங்கினா, அதே அறையில இருக்கிற, குடிக்கிற வயசை எட்டின மத்த எல்லாரும் வாங்கியாகணும்னு பல நிறுவனங்கள் ரூல் வெச்சிருக்கு. ராயல் கரீபியன்ல ஆசியாவுல இருந்து கிளம்புற கப்பலுக்கு அந்த வயசு 18. அப்பா ஒருத்தருக்காகப் பேக்கேஜ் பார்க்கும்போது, அதே அறையில 18 வயசுப் பையன் இருந்தா அவனையும் கணக்குல சேர்ப்பாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. குடிக்காத பையனுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டற மாதிரி ஆனா, ஒரு ஜூஸ் பேக்கேஜும் தனியா ரெண்டு டிரிங்கும் வாங்கறதே மலிவு.

7. கார்டு: பிள்ளை கையில பிளாஸ்டிக் பணம்

கப்பல்ல காசு கைமாறாது. அறைச் சாவியா இருக்கிற கார்டுதான் பணமும். அது உங்க கிரெடிட் கார்டோட இணைஞ்சிருக்கும். பிள்ளைக்கும் ஒரு கார்டு கொடுப்பாங்க. வீடியோ கேம் ஆர்கேட்ல ஒரு தேய்ப்பு, ஐஸ் போட்ட பானத்துக்கு ஒரு தேய்ப்புன்னு போனா, கடைசி நாள் பில்லைப் பார்க்கும்போதுதான் தலை சுத்தும்.

இதைத் தடுக்கிறது ரொம்ப சுலபம். முதல் நாளே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போய் ஒவ்வொரு பிள்ளை கார்டுக்கும் செலவை நிறுத்தச் சொல்லலாம், அல்லது வரம்பு வைக்கச் சொல்லலாம். என்னோட சிபாரிசு இது:

- 10 வயசுக்குக் கீழே: கார்டு கதவைத் திறக்க மட்டும். செலவு பூஜ்ஜியம்.
- 10 முதல் 13: மொத்தப் பயணத்துக்கும் ஒரு சின்னத் தொகை. தீர்ந்தா தீர்ந்ததுதான்.
- 14க்கு மேல: கொஞ்சம் பெரிய தொகை. கூடவே ஒரு நோட்டுல எழுதற பழக்கம். மிச்சம் பிடிச்சதை ஊருக்கு வந்ததும் அவங்க சேமிப்புக் கணக்குல போட்டுடுங்க.

"அவளுக்கு மட்டும் ஏன் அதிகம்?"னு சின்னது கண்டிப்பா கேட்கும். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பான்னு வீட்டுல பஞ்சாயத்து நடக்கும். பதில் ஒண்ணுதான்: "அவளுக்கு உன் வயசு இருக்கும்போது அவளுக்கும் இவ்வளவுதான். உனக்கு அவ வயசு வரும்போது உனக்கும் அவ்வளவு." சொன்னதை அடுத்த பயணத்துல காப்பாத்துங்க. பிள்ளைகளுக்குத் தொகையை விட வார்த்தைதான் ஞாபகம் இருக்கும்.

போனைப் பத்தி ஒரு எச்சரிக்கை. கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் கடல் நெட்வொர்க் தானா பிடிச்சுக்கும். அதுல பேசினாலும் டேட்டா ஓடினாலும் ரோமிங் பில் கையைக் கடிக்கும். பிள்ளைகள் போன் எல்லாத்தையும் ஏர்பிளேன் மோட்ல போட்டு, கப்பல் வைஃபையும் கப்பலோட ஆப்பும் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்க. போன் இல்லாத சின்னப் பிள்ளைக்குச் சட்டைப் பையில அறை நம்பர் எழுதின சீட்டு போதும். ஆனா கார்டோட சேர்த்து வைக்காதீங்க. ரெண்டும் தொலைஞ்சா யாரோ ஒருத்தருக்குச் சாவியும் விலாசமும் சேர்ந்து கிடைச்ச மாதிரி ஆயிடும்.

8. அக்கா ஆயா இல்லை

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க.

ராத்திரி 10 மணிக்கு மேல கிளப்புக்குக் காசு. நர்சரிக்கு மணிக்கு இவ்வளவு. உடனே நமக்குத் தோணுறது, "பெரியவ இருக்காளே, பார்த்துப்பா." சிக்கனம்தான். ஆனா அந்தச் சிக்கனத்துக்கு யார் பணம் கட்டறாங்க? அவளோட லீவு நேரத்தாலதான் அந்தப் பில் கட்டப்படுது. டீன் கிளப்ல அவ வயசுப் பிள்ளைகள் கூடுறதே சாப்பாட்டுக்கு அப்புறம், ராத்திரிலதான். அந்த நேரத்துல தம்பிக்குத் துணையா ரூம்ல உட்கார வெச்சா, அவளுக்கு அந்தப் பயணம் வீட்டு வேலையோட தொடர்ச்சிதான். நம்ம வீடுகள்ல இந்தச் சுமை பெரும்பாலும் மூத்த பொண்ணு தலைமேலதான் விழும். மூத்த பையன் தலைமேல அவ்வளவா விழாது. உங்க வீட்டுல எப்படின்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதுக்காக உதவியே கேட்கக் கூடாதுன்னு இல்லை. முன்கூட்டியே கேளுங்க. "நாலு ராத்திரியில ஒரு ராத்திரி, 8 முதல் 10 வரைக்கும் தம்பியைப் பார்த்துக்கறியா? மத்த மூணு ராத்திரி உன்னோடது." இது ஒப்பந்தம். அவ சரின்னு சொன்னா நர்சரி கட்டணத்துல மிச்சமானதுல ஒரு பங்கை அவளுக்கே கொடுங்க. உழைப்புக்கு விலை உண்டுங்கிற முதல் பாடத்தை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு நல்லா சொல்லித் தராது.

அதே மாதிரி, தம்பி எதுக்கும் லாயக்கு இல்லாதவன் மாதிரியும் நடத்தாதீங்க. அவனுக்கும் அவன் வயசுக்கேத்த ஒரு சுதந்திரம் வேணும். எட்டு வயசுப் பையன் நீங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பஃபேல தானே தட்டு எடுத்துட்டு வரலாம். பத்து வயசுப் பொண்ணு அறையில இருந்து ஒரே தளத்துல இருக்கிற கிளப்புக்குத் தனியா போகலாம். சின்னதுதான். ஆனா அவனுக்கு அது பெருசு.

9. கிளம்புறதுக்கு முன்னாடி போட வேண்டிய குடும்ப ஒப்பந்தம்

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எல்லாரும் உட்கார்ந்து எழுதுங்க. எல்லாருக்கும் பொதுவான ரூல்கள் முதல்ல:

- அடுத்தவங்க அறைக்குள்ள யாரும் போகக் கூடாது. நம்ம அறைக்கும் யாரையும் கூட்டிட்டு வரக் கூடாது. வயசு எவ்வளவா இருந்தாலும் சரி.
- ராத்திரிச் சாப்பாடு எல்லாரும் சேர்ந்துதான்.
- துறைமுகத்துல 18 வயசுக்குக் கீழே உள்ள யாரும் தனியா கப்பலை விட்டு இறங்கக் கூடாது.
- நீச்சல் குளத்துல பெரியவங்க இல்லாம சின்னது இறங்கக் கூடாது. அக்கா இருக்கிறது பெரியவங்க இருக்கிற மாதிரி இல்லை.
- வழி தெரியலைன்னா அங்கேயே நில்லு, பேட்ஜ் போட்ட ஊழியர்கிட்ட அறை நம்பரைச் சொல்லு.
- பாதுகாப்புப் பயிற்சி நடக்கும்போது நம்ம கூடும் இடம் எதுன்னு ஒவ்வொருத்தரும் திருப்பிச் சொல்லணும்.

அப்புறம் வயசு வாரியா. யார் எத்தனை மணிக்குள்ள அறைக்கு வரணும்னு தனித்தனியா எழுதுங்க. பல அமெரிக்கக் கப்பல்கள்ல 17 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு நள்ளிரவு 1 மணி வாக்குல ஊரடங்கு மாதிரி ஒரு ரூல் உண்டு. அது கப்பலோட கடைசி எல்லை. உங்க வீட்டு எல்லை 10:30ன்னா 10:30 தான்.

இந்த ஒப்பந்தத்தை முதல்முறையா பெரிய பயணத்துல பரிசோதிக்காதீங்க. 2023 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து இலங்கைக்குக் கார்டிலியாவோட எம்ப்ரஸ் கப்பல் கிளம்பினதுக்கு அப்புறம், குட்டி க்ரூஸ் நமக்குப் பக்கத்துலயே வந்துடுச்சு. அந்த மாதிரி ரெண்டு மூணு ராத்திரி பயணத்துல பிள்ளைகள் எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்த்துட்டு, அப்புறம் சிங்கப்பூர், மத்தியதரைக் கடல்னு போகலாம். அதுக்கும் முன்னாடி காசே செலவில்லாத பரிசோதனை ஒண்ணு இருக்கு. ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிட்டுப் போய், "ஒரு மணி நேரம் கழிச்சு இதே இடத்துல"ன்னு சொல்லிப் பாருங்க. நேரத்துக்கு வந்து நின்னா பாதி தேர்வு பாஸ்.

10. பேப்பர் வேலையிலயும் வயசு உண்டு

- இந்தியாவுல சிறுவர் பாஸ்போர்ட் 5 வருஷம் அல்லது 18 வயசு, எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான் செல்லும். 15 முதல் 18 வயசுக்குள்ள இருக்கிறவங்க 10 வருஷ பாஸ்போர்ட்டும் எடுக்கலாம். அப்பா அம்மாவோடது 10 வருஷம்கிறதால பிள்ளைகளோடதை மறந்துடுவோம். எல்லாருக்கும் 6 மாசம் மிச்சம் இருக்கான்னு புக் பண்றதுக்கு முன்னாடி பாருங்க.
- சிங்கப்பூர்ல ஏறி, மலேசியா, தாய்லாந்து போய், திரும்ப சிங்கப்பூர்ல இறங்கறதா இருந்தா மல்டிபிள் என்ட்ரி விசா வேணும். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.
- பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி மட்டும் கூட்டிட்டுப் போறாங்கன்னா, பெற்றோர் கையெழுத்துப் போட்டு நோட்டரி செஞ்ச அனுமதிக் கடிதம் வேணும். ராயல் கரீபியன் இதைக் கட்டாயமா கேட்கும். பயணத்துக்கும் மருத்துவச் சிகிச்சைக்கும் சேர்த்து அனுமதி இருக்கணும். சித்தப்பா, அத்தை கூட்டிட்டுப் போனாலும் இதே கதைதான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். வயசு ரூலும் கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம், கப்பலுக்குக் கப்பல் மாறும். பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க கப்பல், உங்க தேதி ரெண்டையும் போட்டு நிறுவனத்தோட தளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க. ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது.

புக்கிங் பக்கத்துல எல்லாப் பிள்ளைகளும் "சைல்ட்"ங்கிற ஒரே பெட்டியிலதான் வருவாங்க. உங்க வீட்டுல ஒருத்தி சிறகு விரிக்கிறவ, இன்னொருத்தன் இன்னும் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவன். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கொடுத்தா யாருக்கும் பொருந்தாது. அவங்கவங்க வயசுக்கு ஏத்த அளவைக் கொடுத்து, அது ஏன்னு காரணத்தையும் சொல்லிட்டா, சண்டையும் குறையும், பில்லும் குறையும்.

உங்க வீட்டுப் பிள்ளைகள் வயசு என்ன, எந்த ரூட் யோசிக்கிறீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஒரே அறையா, ரெண்டு அறையாங்கிற கணக்கை அடுத்த வீடியோவுல உங்க உதாரணத்தை வெச்சே போட்டுப் பார்க்கலாம். க்ரூஸ் போக ஆசைப்படுற சொந்தக்காரங்களுக்கு இந்தப் பதிவை அனுப்பிடுங்க.